வீட்டுப் பெரியவர்களைக் கூட்டி வரச் சொன்ன கம்பெனி

என் மகள் கலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அவளுடைய மகள் காலேஜில் படிக்கிறாள். அப்படிப்பட்டவளிடம், "வீட்டிலிருந்து பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வா" என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். நான் பெங்களூருக்குப் போனது இதற்காகத்தான். கோயில் பார்க்கவோ லால்பாக்கில் பூப் பார்க்கவோ போகவில்லை.

நான் மூன்றாவது வரை படித்தவள். அந்தப் பள்ளிக்கூடத்தில்கூட, வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டவனைத்தான் அப்பனைக் கூட்டி வரச் சொன்னார்கள். என் மகள் யார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கினாள்? போனில் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலம்மா. மத்தியானம் சாப்பாட்டு டைம்ல ஹெல்பர் பொண்ணுங்கள என் மிஷின்ல உக்கார விட்டேன்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

கலாவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அப்போது குஜராத் பக்கம் போயிருந்தார். மாமனார் மாமியார் இல்லை. மிச்சமிருக்கிற பெரியவள் நான்தான். குடியாத்தத்தில் என் இட்லிக் கடையைப் பக்கத்துக் கடை சரோஜாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தக் கம்பெனிக்காரர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை "என்னம்மா?" என்று கேட்டார். உதடு அசைந்திருக்கிறது போலிருக்கிறது.

"சந்தாபுரா வந்தா சொல்றேன், நிம்மதியா தூங்குங்க" என்று கண்டக்டர் சொல்லியிருந்தார். நான் தூங்கவில்லை, அவர்தான் தூங்கினார். பஸ் மேம்பாலத்தில் ஏறிப் போய்விட்டது. சந்தாபுரா பாலத்துக்குக் கீழே கிடந்தது. பொம்மசந்திராவில் இறக்கிவிட்டு, "எதிர்ப்பக்கம் போயி உள்ளூர் பஸ் புடிங்க, பக்கந்தான்" என்றார். அந்த ரோட்டைத் தாண்டிப் பார்க்க வேண்டும் அவர். லாரி, கம்பெனி பஸ், ஸ்கூட்டர், எல்லாம் ஏதோ வீடு பற்றி எரிகிற மாதிரி ஓடுகின்றன. ஆட்டோக்காரர் ஒருவர் முதலில் இந்தியில் கேட்டார், பிறகு கன்னடத்தில், கடைசியில் நல்ல தமிழில் ஒரு தொகை சொன்னார். "இதுக்கு நான் குடியாத்தத்துக்கே திரும்பிப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளூர் பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே ஒரு பெண் கண்டக்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லையாம், ஆதாரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தமிழ்நாட்டு விலாசம், டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார்.

"எங்க ஊரு டவுன் பஸ்ல நீ ஏறினா ஓசிதாம்மா. எந்த ஊருக்காரின்னு யாரும் கேக்கறதில்ல" என்றேன்.

"அப்ப நான் உங்க ஊருக்கே வந்துடறேன், புடிங்க" என்று சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். சிரித்ததால் சும்மா விட்டேன்.

சந்தாபுராவில் கலாவின் வீடு ஒரு சந்துக்குள் வரிசையாக இருக்கிற ஒற்றை அறைகளில் ஒன்று. காலேஜிலிருந்து வந்திருந்த பேத்திதான் கதவைத் திறந்தாள். கலா சாயங்காலம் வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். "டீ குடிச்சியாம்மா?" என்றாள். அவள் அப்பா மாதிரி. வீடு இடிந்து விழுந்தாலும் டீ குடித்தாயா என்று கேட்கிற வம்சம்.

விஷயத்தைச் சொன்னாள். அது சட்டை தைக்கிற கம்பெனி. அங்கே யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி காலர், ஒருத்தி பாக்கெட், ஒருத்தி பட்டன் பட்டி. ஆற்றில் விட்ட ஓலை மாதிரி துணி கைக்குக் கை நகர்ந்து, கடைசியில் சட்டையாக வெளியே போகிறது. அந்த வரிசைக்கு பேட்ச் என்று பெயர். என் மகள் இடது கையைச் சேர்க்கிறவள். அவளுக்கு அடுத்த மிஷினில் பாக்யா என்கிற கன்னடத்துப் பெண், வேலைக்குப் புதுசு, வலது கையைச் சேர்க்கிறாள். ஹெல்பர்கள் நூல் வெட்டி, துணி எடுத்துக் கொடுக்கிற பெண்கள். அவர்களுக்கு யாரும் மிஷின் கற்றுத் தருவதில்லை. மத்தியானம் டெய்லர்கள் சாப்பிட எழுந்ததும், அந்த மிஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்களாம். பெங்களூர் முழுக்க இதுதான் வழக்கமாம்.

"நானும் அப்படித்தான்மா கத்துக்கினேன். பழைய கம்பெனியில ரத்னம்மாக்கா சாப்பாட்டு டப்பாவ மடியில வெச்சிக்கினு, நான் தைக்கறத பாத்துக்கினே சாப்பிடுவாங்க. கோணலாப் போனா முதுகுல ஒண்ணு வெப்பாங்க."

கலாவின் மிஷினில் பழகின பெண்கள் ஏழெட்டுப் பேர், டெய்லர் வேலை கிடைத்து எதிர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். முதலில் போனவள் சுமித்ரா என்கிற ஒடியாப் பெண். இங்கே ஹெல்பராகவே வைத்திருந்தால் போகாமல் என்ன செய்வார்கள்? ஆனால் கம்பெனி, போனவர்களை விட்டுவிட்டு என் மகளைப் பிடித்துக்கொண்டது. மத்தியானம் மிஷின்களுக்குக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். பேட்ச் முன்னால் நின்று "இனிமேல் யாருக்கும் சொல்லித் தர மாட்டேன்" என்று கலா சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற அவர்களுடைய இன்னொரு கம்பெனிக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு பஸ் மாறி, இருட்டோடு போய் இருட்டோடு வர வேண்டும். வயசுப் பெண்ணை ஒற்றை அறையில் தனியாக விட்டுவிட்டு அப்படிப் போக முடியாது. வேலையை விட வேண்டியதுதான். அது அவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் காலை கம்பெனிக்கு எதிரே ஒரு கடையில் தட்டு இட்லி சாப்பிட்டோம். பெயருக்கேற்ற மாதிரி தட்டு அகலம் இருக்கிறது. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பாரா பாயசமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, இட்லி பஞ்சாக இருந்தது. வாழ்நாளெல்லாம் இட்லி ஊற்றினவள் நான், என் இட்லி அத்தனை மெத்தென்று வராது. அதுவும் கோபமாகத்தான் வந்தது.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி என் பையைத் துழாவினார். உள்ளே இருந்தது வெற்றிலைப் பெட்டி. ஆபீஸ் ரூமில் ஒரு மேடம், கலாவைவிடச் சின்னவள், மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டாள். பக்கத்தில் சூப்பர்வைசர் நாகராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏதோ வழுக்குகிற துணி ஆர்டர் வந்து, தைத்ததெல்லாம் சுருங்கிச் சுருங்கித் திரும்பி வருகிறதாம். மனிதருக்குத் தூக்கமில்லை.

"அம்மா, உங்க மக ஒள்ளே டெய்லர், நல்லாத்தான் தைக்கறாங்க, அதில ஒண்ணும் சொல்றதில்ல" என்று மேடம் ஆரம்பித்தாள். "ஆனா நாங்க ஹெல்பரா சேத்துக்கறோம், இவங்க டெய்லர் பண்ணி எதிர்க்கடைக்கு அனுப்பிடறாங்க. நாங்க என்ன ட்ரெயினிங் சென்டரா நடத்தறோம்? நீங்க பெரியவங்க, ஸ்வல்ப புத்தி சொல்லுங்க."

"சொல்றேன். முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு. என் மகளை டெய்லர் ஆக்கினது நீங்களா?"

"அவங்க டெய்லராத்தான் வந்தாங்க."

"எங்கேருந்து வந்தா? வானத்துலேருந்தா? வேற ஒரு கம்பெனில ரத்னம்மான்னு ஒருத்தி தன் சாப்பாட்டு நேரத்த குடுத்து ஆக்கினா. தயாரா வந்தவள உக்கார வெச்சி இத்தினி வருசமா சட்டை தைச்சிக்கினீங்களே, அந்தக் கம்பெனிக்கு இன்னா குடுத்தீங்க? ஒரு வெத்தல பாக்கு வெச்சீங்களா?"

நாகராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சரி, உனக்கு இந்த ஆபீஸ் வேலைய யாரு கத்துக் குடுத்தா?"

"பீன்யால ஒரு கம்பெனில சீனியர் மேடம் இருந்தாங்க..."

"நீ அங்கேருந்து இங்க வந்தப்போ அவங்கள நிக்க வெச்சி, அவங்க அம்மாவ கூட்டிட்டு வரச் சொன்னாங்களா?"

மேடமும் சிரித்துவிட்டாள். ஆனால் சிரித்தால் எல்லாம் முடிந்துபோகுமா? "நீங்க சொல்றது சரிதான் அம்மா. எனக்கும் மேலே இருக்கறவங்க கேக்கறாங்க, நான் பதில் சொல்லணும். திங்கக்கிழமை காலைல பேட்ச் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடட்டும். இல்லன்னா ட்ரான்ஸ்பர் ஆர்டர் ரெடியா இருக்கு." தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தன் கையால் திறந்து எனக்குக் கொடுத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன். வெளியே வந்ததும் நாக்கு வறண்டுபோய், அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாமே என்று அதற்கும் கோபம்.

குடியாத்தத்தில் என் கடையில் மாவாட்டிக்கொண்டிருந்தவள்தான் சரோஜா. பிறகு பக்கத்திலேயே கடை போட்டாள். அவளிடமிருந்து இன்னொருத்தி போட்டாள். இப்போது "இட்லித் தெரு" என்றே சொல்லி லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். ஒரே கடையாக இருந்திருந்தால் எவன் நிறுத்துவான்? என் கடையில் மாவு தீர்ந்தால் சரோஜா கடையிலிருந்து வாளி வருகிறது. இதை மேடத்திடம் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல பேச்செல்லாம் வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

"நான் சொல்லிடறேன்மா, வேற வழியில்ல" என்றாள் கலா.

"இன்னாடி சொல்லுவே? தப்புப் பண்ணிட்டேன்னா?"

"யாருக்கும் சொல்லித் தர மாட்டேன்னு சொல்லுவேன். பொண்ணுக்குப் படிப்பு முடியணும்."

வெற்றிலைப் பெட்டியை எடுத்து, பாக்கைக் கொஞ்சம் பலமாகவே இடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சுமித்ராவைப் பார்க்கக் கிளம்பினேன். நாலு வார்த்தை கேட்கத்தான். கற்றுக் கொடுத்தவளை மாட்டிவிட்டு இவள் எதிர்க்கட்டடத்தில் டெய்லர் என்று உட்கார்ந்திருக்கிறாளே! கலா "வேணாம்மா" என்று சொல்லிக்கொண்டே கூட வந்தாள். இரண்டு சந்து தள்ளித்தான் வீடு. நான்கு ஒடியாப் பெண்கள் ஒரே அறையில். எங்களைப் பார்த்ததும் சுமித்ரா ஓடி வந்து என் காலைத் தொட்டுவிட்டாள். காலைத் தொட்டவளை உடனே திட்டுவது கஷ்டம்.

தட்டு வைத்தார்கள். பார்த்தால் பழைய சோறு! தண்ணீரில் ஊறின சோறு, வெங்காயம், பச்சை மிளகாய், கூடவே உருளைக்கிழங்கைக் கடுகெண்ணெயில் பிசைந்து வைத்திருந்தார்கள். எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. சோறு மட்டும் எங்கள் வீட்டுச் சோறுதான். இதைத் தின்னவா இத்தனை தூரம் ரயிலேறி வந்தீர்கள் என்று நினைத்தபடி இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்துத்தான் கேட்டேன். "ஏம்மா, போம்போது இவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

சுமித்ரா கலாவைப் பார்த்தாள். அவளுக்குக் கலா தீதி, அக்கா. "தீதிதான் போ சொன்னது. நான் பயம், போகல சொன்னது. தீதி திட்டினது."

நான் மகள் பக்கம் திரும்பினேன்.

"ஆமாம்மா, நான்தான் அனுப்பினேன். கை வந்துடுச்சி, இன்னும் நூலே வெட்டிக்கினு இருந்தா எப்படி?"

இப்படி ஒரு பெண்ணைப் பெற்றுவிட்டு நான் யாரைத் திட்டுவது?

பேச்சு அந்த வழுக்குத் துணிக்கு வந்தது. மேல் துணி ஒரு பக்கம் போகிறது, கீழ்த் துணி ஒரு பக்கம் போகிறது, பிடித்து இழுத்தால் சுருக்கம் விழுகிறது என்று கலா புலம்பினாள். சுமித்ரா எழுந்து தன் துப்பட்டாவை மடித்தாள். அதற்கு அடியில் மெல்லிய வெள்ளைத் தாளை நீளமாகக் கிழித்து வைத்து, விரலாலேயே தைப்பது போல ஓட்டிக் காட்டினாள். தாள் கீழே இருந்தால் துணி வழுக்காதாம். தைத்து முடித்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். அவர்கள் கம்பெனியில் திண்டுக்கல்காரம்மா ஒருத்தர் கற்றுக் கொடுத்தாராம். "நியூஸ் பேப்பர் வேணாம் தீதி, மை ஒட்டும்."

கலா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

திரும்பும்போது நான் சொன்னேன்: "இத வெளிய வுடாதே. உன் பீஸ் மட்டும் நல்லா வரட்டும். மத்தவங்களது கிழிஞ்சி போவட்டும். அப்பத்தான் உன் அருமை தெரியும் அவங்களுக்கு."

"நீ வேறம்மா. நான் இடது கை, பாக்யா வலது கை. நான் மட்டும் நல்லா தைச்சா, சட்டைக்கு ஒரு கை மாப்பிள்ளையாட்டம் இருக்கும், இன்னொரு கை நாய் கடிச்சி வுட்டாப்பல இருக்கும். அத யாரு வாங்குவா?"

கடையில் வெள்ளைத் தாள் வாங்கி, சாயங்காலம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கத்தரித்துக் கொடுத்தேன். கோபம் வேறு, வேலை வேறு.

திங்கட்கிழமை கலா உள்ளே போனதும் நான் அந்தத் தட்டு இட்லிக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என்ன ஆனாள் என்று தெரியாமல் ஊருக்குப் பஸ் ஏறுவதாக இல்லை. கடைக்காரர் விரட்டவில்லை. நானும் இட்லிக் கடைக்காரி என்றதும் தானாகவே சொன்னார், அரிசியோடு அவலும் கொஞ்சம் ஜவ்வரிசியும் ஊறப்போட்டு அரைக்கிறாராம். நான் குளிர்காலத்தில் மாவைப் புளிக்க வைக்கிற விதத்தைச் சொன்னேன். "நம்ம கதை இங்க தினமும் குளிர்காலந்தான்" என்றார். யாரும் அவர் கடைக்குக் கரண்டை நிறுத்தவில்லை.

உள்ளே நடந்ததை சாயங்காலம் கலா சொன்னாள். காலையில் பேட்ச் முன்னால் நின்று, மேடம் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாளாம். பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. பாக்யா மட்டும் மூக்கை உறிஞ்சினாளாம். பிறகு கலா போய் உட்கார்ந்து, தாள் பட்டையை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். இடது கைகள் வழுவழுவென்று போயின. வலது கைகள் சுருங்கிச் சுருங்கிப் போயின. சட்டைகள் மொத்தமும் திரும்பி வந்தன.

"அக்கா, அடியில என்ன வெக்கறீங்க?" என்று பாக்யா குனிந்து கேட்டாள். கலா வாயைத் திறக்கவில்லை.

"என்கிட்டயுமா அக்கா?" என்றாளாம். அதைச் சொல்லும்போது கலா என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாகராஜ் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து இந்தக் கையைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். நேரே கலாவிடம் வந்து, என்ன செய்தாய் என்று கேட்டார். அவள் தாளைக் காட்டினாள்.

"அவளுக்கும் தோர்சம்மா, பேகா!" என்று கத்தினாராம், அவளுக்கும் காட்டு, சீக்கிரம் என்று.

"காலைல மேடம் எதிர்ல என்ன சொன்னேன் சார்? நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?"

மனிதர் மாடிப்படியில் ஓடினாராம். மேடம் இறங்கி வந்தாள். சட்டையைப் பார்த்தாள். "இவத்து மாத்ர" என்றாள். இன்றைக்கு மட்டும். மத்தியானம் மிஷின்களுக்குக் கரண்ட் வந்தது. சோற்று டப்பாவைத் திறக்காமல் பேட்ச் முழுக்கக் கலாவைச் சுற்றி நின்றது. ஹெல்பர்களும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். போகச் சொல்ல யாருக்கும் வாயில்லை.

கடைசியில் மேடம் கேட்டாளாம், "இத எல்லி கலிதே கலாம்மா?" எங்கே கற்றுக்கொண்டாய் என்று.

"எதிர்க் கம்பெனில மேடம். நம்ம சுமித்ரா இல்ல, அவ சொல்லிக் குடுத்தா."

மேடம் அந்தத் தாள் பட்டையைக் கலாவின் மிஷின் மேலேயே திருப்பி வைத்தாள். பிறகு, "ஊட்டா மாடி, எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டாள். அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, நல்ல வார்த்தை இல்லை. கூட்டி வந்திருக்க வேண்டியது என்னையல்ல, அந்த ஒடியாப் பெண்ணை. கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலை அவளுக்குத் திறந்து கொடுத்திருக்க வேண்டும்.

ஊருக்கு வந்ததும் அவல் போட்டு அரைத்தேன். சரோஜா மோப்பம் பிடித்து வந்துவிட்டாள், சொல்லிக் கொடுத்தேன். கலாவின் போனுக்காகத்தான் காத்திருந்தேன். வந்தது. ட்ரான்ஸ்பர் பேச்சை யாரும் எடுக்கவில்லையாம். மறுநாளே மத்தியானக் கரண்ட் மறுபடி நின்றுவிட்டதாம்.

"ஆனா எல்லா மிஷின் அடியிலயும் இப்ப பேப்பர் இருக்குதும்மா. பாக்யாவுக்கு மத்தத எல்லாம் ரோட்டுல நடக்கறப்ப வாயாலயே சொல்றேன்."

"இன்னும் இன்னாத்துக்குடி அங்க இருக்கே? சுமித்ரா கம்பெனிக்குப் போ."

"அவளும் கூப்பிட்டுக்கினுதான் இருக்கா. பாக்யாவுக்கு இன்னும் கை வரலம்மா. அது வரட்டும், போறேன்."

எனக்கு மறுபடி வந்ததே கோபம்! அவர்கள் ஆளைத் தயார் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் இவள் வெளியே வருவாளாம். ஏதோ திட்ட வாயெடுத்தேன். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது.

"போம்போது சொல்லிட்டுப் போ. அந்த மேடம் மறுபடி பெரியவங்கள கூட்டிட்டு வான்னா, தயங்காத, எனக்குப் போன் பண்ணு. இந்த வாட்டி பாலத்துக்குக் கீழ போற பஸ்ல வர்றேன்."